பச்சைப் புழுவா, பவளமா, பாசியா?

கேள்வி: லீவுக்கு ராமேஸ்வரம் போயிருந்தோம், பாம்பன் பக்கம் தண்ணி வத்தியிருந்த நேரத்துல ஒரு செத்த பவளக் கல்லு மேல பச்சைப் புழு மாதிரி கொஞ்சம் நட்டக்குத்தலா நின்னுச்சு. உயரம் 2 சென்டிமீட்டர் இருக்கும், நுனியில பூனை முடி மாதிரி பச்சை, அடியில வெள்ளை, தொட்டா விறைப்பா இருந்துச்சு. எட்டாவது படிக்கிற என் பொண்ணு அந்தக் கல்லை தண்ணி பாட்டில்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டா, ஊர் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் வெளுத்துப் போச்சு. அது என்னங்க?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: பாசிதாங்க. நம்ம தர்மபுரிப் பக்கம் பாசின்னா கிணத்துப் படியில வழுக்குறது மட்டும்தான் ஞாபகம் வரும், அதனால விறைப்பா நிக்கிற ஒண்ணைப் பாசின்னு நம்புறது கஷ்டம்தான். நீங்க நுனியில முடி, அடியில வெள்ளை, தொட்டா விறைப்புன்னு மூணும் சேர்த்து எழுதினதாலதான் என்னால இது நியோமெரிஸ்ங்கிற கடல் பாசின்னு சொல்ல முடியுது. வெறும் "சின்னதா பச்சையா இருந்துச்சு"ன்னா எதுவாவும் இருக்கலாம், கடலோரத்துல பச்சைக்குப் பஞ்சமே இல்ல.

ஹாலிமீடா, காலர்பா, வலோனியான்னு வேற பச்சைக் கடல் பாசிங்களும் இருக்கு. ஹாலிமீடாவும் விறைப்பாதான் இருக்கும், ஆனா அது தட்டை தட்டையா காசு மாலை கோத்த மாதிரி வரும். காலர்பான்னா கல்லு மேல கொடி ஓடும், அதுல இருந்து திராட்சைக் கொத்தோ இறகோ மேல கிளம்பும். வலோனியா தண்ணி நிரம்பின பச்சைக் குண்டு, பளபளன்னு இருக்கும். உங்களுது தனித்தனி விரலா நின்னிருக்கு, முடி வேற இருக்கு, அதனால இந்த மூணும் இல்ல.

நியோமெரிஸோட உள்ளமைப்பு பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி, நடுவுல ஒரு தண்டு, அதைச் சுத்தி வட்ட வட்டமா கிளை, அந்தக் கிளைங்களைச் சுத்தி சுண்ணாம்பு படிஞ்சு இறுகிடும், நுனியில புதுசா வளர்ற இடம் மட்டும் பச்சையா நிக்கும். இவ்வளவும் ஒரே ஒரு செல்லுங்க! உட்கரு (நியூக்ளியஸ்) அடியில கல்லைப் பிடிச்சிருக்கிற வேர் மாதிரி பகுதியில இருக்கு. இதோட சொந்தக்காரப் பாசி அசிட்டாபுலேரியா, சின்னக் குடை மாதிரி இருக்கும், அதுலயும் உட்கரு அடியிலதான், 1930கள்ல ஹெம்மர்லிங்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு இனத்தோட தண்டை இன்னொரு இனத்தோட அடிப்பகுதியில ஒட்டிப் பார்த்தார், கடைசியில குடை அடிப்பகுதிக்காரன் வடிவத்துலதான் முளைச்சுது. வடிவத்தை முடிவு பண்றது உட்கருதான்னு அதுல தெரிஞ்சுது. உங்க பொண்ணுகிட்ட இதைக் கண்டிப்பா சொல்லுங்க.

வெளுத்ததுக்குக் காரணம் பாட்டில்ல பாசி செத்து பச்சையம் போயிடுச்சு, சுண்ணாம்புக் கூடுதான் மிச்சம். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரே ஒரு விரலைப் பிச்சு அது மேல ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம் (கல்லு மேல விட்டுடாதீங்க, பவளக் கல்லும் நுரைக்கும்). மத்ததை லென்ஸ் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அடிப்பக்கம் மெல்லிசா வளையம் வளையமா தெரிஞ்சா நியோமெரிஸ்ல அனுலேட்டாங்கிற இனமா இருக்க வாய்ப்பு அதிகம், உறுதியா சொல்ல மைக்ராஸ்கோப் வேணும்.

அடுத்த தடவை போனா கல்லை எடுக்க வேணாம், மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்காவுல வருது, அங்க எதையும் எடுக்கவே கூடாது. பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல அடிப்பகுதி தெரியற மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ போதும். இப்ப இருக்கிறதைக் காய வச்சு தீப்பெட்டியில போட்டு, தேதி, இடம், எவ்வளவு ஆழத் தண்ணியில இருந்துச்சுன்னு அவ கையாலயே எழுதி ஒட்டச் சொல்லுங்க.