நாலு பேரப்பிள்ளைகள், ஒரு கூடம், கோடை விடுமுறை

கேள்வி: கோடை விடுமுறைக்கு என் பேரப்பிள்ளைகள் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். வயது 9, 7, 5, 2. மூன்றாவது மாடியில் ஃபிளாட். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் வெளியே விட முடியவில்லை. எந்நேரமும் மொபைல்தான், பிடுங்கினால் சண்டை. ஏழு வயதுப் பேத்திக்கு வீசிங் உண்டு, ஓடினால் இருமுவாள். வீட்டுக்குள்ளேயே என்ன விளையாட வைக்கலாம்? எனக்கு முட்டி வலி, அவர்களோடு ஓட முடியாது. – வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் நினைப்பு நேராக அந்த இரண்டு வயதுப் பேரனிடம்தான் போனது. வீட்டில் எந்த விளையாட்டை எப்போது ஆடுவது என்பதை அவனை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவன் விழித்திருக்கும்போது உடம்பை அசைக்கிற விளையாட்டுகள். மதியம் அவன் தூங்கும்போது முத்து, சோழி, கல் வைத்து ஆடுகிறவை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பத்து நாள் இருமலோடு கொண்டுவந்தார்கள். மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்தால் வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவாக இருந்தது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுத்தபோது வந்தது ஒரு புளியங்கொட்டை. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்திருந்தது. தாயம் போட அக்கா தேய்த்து வைத்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த அக்காவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் ஆட்டம் முடிந்ததும் முத்துகளை எண்ணி டப்பாவில் போட்டு, உயரத்தில் வையுங்கள். பல்லாங்குழிக்கு 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 முத்து. எண்ணுகிற பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், ஒன்றுகூடக் குறையாது. கணக்கும் தானாக வரும். பழைய பெட்டியில் குன்றிமணி கிடந்தால் அது மட்டும் வேண்டவே வேண்டாம். கடித்து மென்றுவிட்டால் கடுமையான விஷம். பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரியும் அப்படித்தான். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஏதாவது தொண்டையில் மாட்டி, குழந்தை பலமாக இருமினால் இருமவே விடுங்கள். இருமலோ சத்தமோ வராமல் திணறினால், முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டு. வெளியே வரவில்லை என்றால் பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இது ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

காலையில் கூடத்தின் நடுவே உள்ள டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். பழைய புடவை ஒன்றை இரண்டு நாற்காலிகளுக்கு மேல் போட்டால் குகை தயார். சின்னவன் அதில் நுழைந்து நுழைந்து வருவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். பெரிய பிள்ளைகளுக்குக் காலுறைகளைப் பந்தாகச் சுருட்டி வாளியில் எறிகிற ஆட்டம். ஒன்பது வயதுக்குத் தூரத்தில் ஒரு கோடு, ஐந்து வயதுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அப்போதுதான் இருவருக்கும் ஜெயிக்க வாய்ப்பு இருக்கும், சண்டையும் குறையும். பலூன் வேண்டாம் என்பேன். வெடித்த பலூன் துண்டு சின்னக் குழந்தையின் மூச்சை அப்படியே அடைத்துவிடும்.

மியூசிக்கல் சேரில் முதலில் வெளியேறுவது எப்போதும் கடைக்குட்டிதான், அப்புறம் அழுகை. கொஞ்சம் மாற்றி ஆடுங்கள். நாற்காலிக்குப் பதில் தலையணை. பாட்டு நிற்க நிற்கத் தலையணையைக் குறைக்கலாம், பிள்ளைகள் யாரும் வெளியேற வேண்டாம். கடைசியில் நான்கு பேரும் ஒரே தலையணையில் ஒண்டிக்கொண்டு சிரிப்பார்கள். பாட்டு நின்றதும் சிலையாக நிற்கிற ஆட்டமும் எனக்குப் பிடித்தது. துள்ளுகிற உடம்பைச் சட்டென்று நிறுத்துவது மூளைக்கு நல்ல பயிற்சி, வகுப்பில் கவனித்து உட்காரவும் அது உதவும்.

கண்ணாமூச்சி ஆடட்டும். ஆனால் பீரோ, வாஷிங் மெஷின், பால்கனி மூன்றிலும் ஒளியக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பால்கனிப் பக்கம் நாற்காலி கிடக்கக் கூடாது. குளியலறை வாளியில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும்.

வீசிங் இருக்கும் பேத்தியை விளையாட்டிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். வீசிங் கட்டுப்பாட்டில் இருந்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே அவளும் ஓடலாம், குதிக்கலாம். முதல் பத்து நிமிடம் மெதுவாக ஆரம்பிக்கட்டும். பஃப் (உறிஞ்சும் மருந்து, இன்ஹேலர்) கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். விளையாடும்போதெல்லாம் இருமுகிறாள் என்றால் கட்டுப்பாடு போதவில்லை என்று அர்த்தம். அவளுடைய மருத்துவரிடம் காட்டி மருந்தைச் சரி செய்ய வேண்டும், விளையாட்டை நிறுத்தக் கூடாது. தலையணைச் சண்டையில் தூசி கிளம்பும், அது மட்டும் அவளுக்கு வேண்டாம். கேரம் ஆடினால் பவுடரைக் குறைவாகத் தூவுங்கள். பெரும்பாலும் அது போரிக் பவுடர், வாய்க்குள் போகக் கூடாதது. ஆடி முடித்ததும் எல்லோரும் கை கழுவட்டும், டப்பாவைச் சின்னவன் கண்ணில் படாமல் வையுங்கள்.

மொபைலுக்கு வருகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்குள், 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். பிடுங்கினால் சண்டைதான் வரும். வீடியோ ஒன்று முடிகிற நேரம் பார்த்து, அடுத்த ஆட்டத்தைத் தரையில் தயாராக வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட்டிப்போகட்டும். வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. இந்த ஒன்றை வீட்டுக்குள் எந்த விளையாட்டாலும் ஈடுகட்ட முடியாது.

கடைசியாக உங்கள் முட்டி. நீங்கள் ஓடவும் வேண்டாம், தரையில் சம்மணம் போடவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து நடுவராக இருங்கள். மதியம் பல்லாங்குழியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆடலாம். மேசை மேல் ஒரு துண்டை விரித்துவிட்டால் ஐந்தாங்கல்லும் அங்கேயே ஆடலாம். கல் உருண்டு ஓடாது, தூங்குகிறவனும் எழுந்திருக்க மாட்டான். முதல் ஆட்டத்தை நீங்களே ஆடிக் காட்டுங்கள்.