வடைச் சட்டி எண்ணெயில் வண்டி ஓடுமா? பயோடீசல் கேள்வி பதில்

நான் சிங்கப்பூரில் எரிபொருள் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தம்பி, சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். வடை பொரித்த எண்ணெயை வடிகட்டி அப்படியே லாரியில் ஊற்றினால் என்ன? 1900லேயே பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் இயந்திரம் ஓட்டினார்களாமே?

ஓட்டியது உண்மைதான் அண்ணே. ஆனால் இன்று இயந்திரத்துக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளை ரொம்பச் சின்னது. சமையல் எண்ணெயோ டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. தூறலாகப் பிரியாமல் அரைகுறையாக எரிந்து கரி படியும். அதனால்தான் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் கொஞ்சம் காரமும் (காஸ்டிக் சோடா மாதிரி) சேர்த்து 60 டிகிரி அளவில் கலக்கி, எண்ணெயைக் கெட்டி குறைந்த பயோடீசலாக மாற்றுகிறார்கள். 100 கிலோ எண்ணெய்க்குப் பத்துப் பதினோரு கிலோ மெத்தனால் போனால், கிட்டத்தட்ட 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

அண்ணா, நாங்கள் பள்ளித் திட்டப்பணிக்காகச் செய்தோம். புது எண்ணெயில் நன்றாக வந்தது. உணவங்காடி எண்ணெயில் செய்தால் கஞ்சி மாதிரி திரண்டு நிற்கிறது. ஏன்?

நீங்கள் செய்தது சவர்க்காரம்! திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடைந்து, தனிக் கொழுப்பு அமிலம் ஏறியிருக்கும். காரம் தன் வேலையை விட்டுவிட்டு அந்த அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். பொரித்த பண்டத்தின் ஈரமும் எண்ணெயில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கிளிசரின் அடியில் பிரியாது, நடுவில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். முதலில் எண்ணெயைச் சூடாக்கி நீரைப் போக்குங்கள். அமில அளவைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு அதை எஸ்டராக்கிவிட்டு (அதாவது அதையும் பயோடீசலாக மாற்றிவிட்டு), அப்புறம் காரம் சேர்க்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். மெத்தனால் ஆவி 11 டிகிரியிலேயே பற்றும், சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது, குடித்தால் பார்வை போகும்.

உட்லண்ட்ஸில் பட்டறை வைத்திருக்கிறேன். பயோடீசல் கலப்பு ஊற்றிய பழைய லாரி ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. ஃபில்டர் முழுக்கக் கறுப்புச் சேறு. எரிபொருள் மட்டமா சார்?

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்க்கில் வருடக்கணக்காகப் படிந்ததை எல்லாம் கழுவிக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை ஃபில்டரை மாற்றினால் சரியாகிவிடும். மாற்றியும் சேறு வந்தால் டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். கீழே தண்ணீரும், அதன் மேல் வழவழவென்று ஒரு படலமும் தெரிந்தால் அது கிருமி. நம்மூர்ப் புழுக்கத்தில் பாதி காலியான டேங்க்கில் நீர் கோத்துக்கொள்ளும், பயோடீசல் அந்த நீரைச் சாதாரண டீசலைவிட அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதை ஊற்றாதீர்கள், காற்றுப்பட்டு அமிலமாகிவிடும். பழைய ரப்பர் குழாய்களையும் பார்த்துவிடுங்கள், ஊறிப்போகும்.

பாமாயில் பயோடீசல் குளிர் நாடுகளுக்கு ஏன் ஒத்துவராது?

15 டிகிரியை ஒட்டியே கலங்க ஆரம்பிக்கும், இன்னும் குளிர்ந்தால் நெய் மாதிரி உறையும். இந்தோனேசியா 2025இல் 40 விழுக்காடு கலந்ததென்றால் அங்கே குளிர்காலம் இல்லை என்பதும் ஒரு வசதி.

எல்லா லாரியும் மின்சாரத்துக்கு மாறப்போகிறது. பிறகு இது எதற்கு?

கப்பலுக்கு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கப்பல் எரிபொருள் விற்கிறது. நீண்ட தூரக் கப்பலை பேட்டரியில் ஓட்ட இப்போதைக்கு வழியில்லை. பயோடீசல் கலந்த எண்ணெயைப் பெரும்பாலும் இயந்திரத்தை மாற்றாமலே ஊற்றலாம். இங்கே பி24 என்று விற்பதில் 24 விழுக்காடு பயோடீசல். அதென்ன 24 என்று பலர் கேட்கிறார்கள். அப்போது 25ஐத் தாண்டினால் ரசாயனச் சரக்குக்கான விதிகள் வந்துவிடும், சாதாரண எண்ணெய்ப் படகில் ஏற்ற முடியாது என்றிருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். 2025இல் அந்த வரம்பு 30க்கு உயர்ந்தது. என்னைக் கேட்டால், இருக்கிற பயோடீசலை நகருக்குள் ஓடும் வேனில் எரிப்பது வீண்.

துவாஸில் நெஸ்டெ நிறுவனத்தின் எரிபொருள் ஆலை இருக்கிறதே, அதுவும் பயோடீசலா? நம் கடைகளின் எண்ணெய் அதற்குப் போதுமா?

மூலப்பொருள் அதே பழைய எண்ணெயும் கொழுப்பும்தான், செய்முறை வேறு. மெத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜன். ஆக்சிஜனை நீக்கிவிடுவதால் கிட்டத்தட்ட டீசலேதான் வரும். மேலே சொன்ன உறைதல், நீர் இழுத்தல் தொல்லைகள் பெரும்பாலும் இருக்காது, விமான எரிபொருளும் எடுக்கலாம். விலைதான் கூடுதல்.

போதுமா என்றால், 2023 விரிவாக்கத்துக்குப் பிறகு அதன் திறன் ஆண்டுக்கு 26 லட்சம் டன். 60 லட்சம் பேருக்கு வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 400 கிலோவுக்கு மேல். அத்தனை வடை யார் சாப்பிடுவது? பல நாடுகளிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய எண்ணெய் சில சமயம் புதுப் பாமாயிலைவிட அதிக விலைக்குப் போவதால், புதியதையே பழையது என்று தள்ளிவிடும் ஆசையும் சிலருக்கு வரும். ஆய்வகச் சோதனையால் மட்டும் அதை எப்போதும் பிடித்துவிட முடியாது. எந்தக் கடையில் எப்போது எத்தனை பீப்பாய் எடுத்தார்கள் என்ற ரசீதுகளைத்தான் தோண்ட வேண்டியிருக்கிறது.