கண்மாய்க் கரையோடு போங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு பைபாஸில் 60, 70 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவது வழக்கம். இந்தப் பொங்கல் விடுமுறையில் தனியாகப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்க ஆசை. நான்கு நாள், தினம் 90 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு 23 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு இதே பகுதிக்குக் காரில் போனோம். நார்த்தாமலையில் தொடங்கி திருமயம் வரை ஒரே நாளில் ஐந்து இடம். இப்போது போட்டோக்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. என் சைக்கிளுக்கு டயர் ரொம்ப மெல்லியது, வேறு வாங்க வேண்டுமா? இன்னொன்று. "இடிஞ்ச கல்லைப் பார்க்க நாலு நாளா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாக அந்தப் பட்டியலைக் குறையுங்கள். 23 இடம் வேண்டாம், ஏழெட்டுப் போதும். தினம் 90 கிலோமீட்டரும் வேண்டாம், 40 போதும். காரில் போனபோது எல்லாம் கலந்துபோனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தத் திட்டத்தோடு போனால் அதே தவறைக் கால்வலியோடு மறுபடி செய்வீர்கள்.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். புதுக்கோட்டைச் சீமை காரிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். சைக்கிள் மிதித்தால்தான் அது முழுக்க மேடும் பள்ளமும் என்று கால் சொல்லும். பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. அரை கிலோமீட்டர் மெல்ல ஏறும், அப்புறம் மிதிக்காமலே இறங்கும். இறங்கி முடிகிற இடத்தில் அநேகமாக ஒரு கண்மாய், அதாவது ஏரி, இருக்கும். சாலை அதன் கரைமேலே ஏறி ஓடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். கரை முடியும் இடத்தில் கலிங்கு, அதாவது நிறைந்த தண்ணீர் வழியும் கல்கட்டு. கலிங்கில் வழியும் நீர் ஓடையாகப் போய் அடுத்த பள்ளத்துக் கண்மாயில் விழும். இப்படி நாலு கண்மாய் தாண்டிய பிறகுதான் தண்ணீர் போகும் வழியிலேயே நானும் போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் தேடிப் போன பழைய கோயில்களில் பாதி அந்தக் கரைகளை ஒட்டியே இருந்தன. காரில் போனால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது, ஏனென்றால் கார் ஒரு கோயில் வாசலிலிருந்து அடுத்த கோயில் வாசலுக்குப் போகிறது.

முதல் தடவை கீரனூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரின் கியர் இல்லாத சைக்கிளை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு கண்மாயின் நடுவில் இரண்டு கல்தூண்கள் நின்றன. மேலே குறுக்குக் கல், பார்க்க நிலைவாசல் மாதிரி. ஏதோ இடிந்த மண்டபம் என்று நினைத்து இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அது குமிழி தம்பி. அடியில தூம்பு இருக்கு. எங்க அப்பா காலத்துல முங்கித்தான் தொறப்பாக" என்றார். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தூம்பு என்றால் கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடும் மதகு. தூணுக்கு அடியில் கல்பெட்டி ஒன்று இருக்கும். அதில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. நீரோடியைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகும். சேறோடி வழியாக வண்டலும் வெளியேறும். கண்மாய் தூர்ந்துபோகாமல் இருக்க ஆயிரம் வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த ஏற்பாடு இது. சில குமிழிக் கற்களில் அதை நட்டுக் கொடுத்தவரின் பெயர்கூட வெட்டியிருக்கும். உங்கள் 23 இடங்களில் ஒரு குமிழியாவது இருக்கிறதா? இருக்காது. ஆனால் கோயிலுக்குச் சமமாக நான் மதிக்கும் சின்னம் அது.

சரி, உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் பதில் நார்த்தாமலையில் இருக்கிறது.

முதல் நாள் அங்கே மேலமலை என்ற குன்றில் விடிகாலையிலேயே ஏறிவிடுங்கள். மொட்டைப் பாறை, பத்து மணிக்கு மேல் காலை வைக்க முடியாது. சைக்கிளைக் கீழே ஊரில் யார் வீட்டிலாவது சொல்லிவிட்டு நிறுத்தலாம். பாறைச் சரிவில் ஏறித் திரும்பினால் விஜயாலய சோழீஸ்வரம் என்ற சிவன் கோயில் மேற்குப் பார்த்து நிற்கும். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். தமிழ்நாட்டில் இப்படி அமைந்த கோயில்கள் மிகக் குறைவு. சுற்றி எட்டுச் சின்னக் கோயில்கள் இருந்தன, அவற்றில் சில இன்று முழுதாக இல்லை. எதிரே பாறையைக் குடைந்து எடுத்த இரண்டு குடைவரைகள். ஒன்றில் சுவரோடு சுவராகப் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஏறக்குறைய ஒரே சாயலில், வரிசையாக நிற்கின்றன. அங்கே தனியாக நின்றபோது யாரோ வரிசையில் வந்து எனக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

இந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. சாத்தன் பூதி இளங்கோவதியரையர் என்ற முத்தரையர் தலைவர் எடுப்பித்த கற்றளி, அதாவது கல்கோயில், மழையில் இடிந்து அழிந்துபோயிற்று, அதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று அது சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் செய்தி. கட்டியவர் பெயரையும், மழை அதை இடித்ததையும், இன்னொருவர் வந்து திரும்ப எடுத்துக் கட்டியதையும் ஒரே கல்லில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் இடிந்தது என்று பார்க்கப் போகிற கோயில், அது கட்டப்பட்ட காலத்திலேயே ஒரு தடவை இடிந்து எழுந்தது. அந்த வரியை அறிந்த பிறகு எந்தச் சிதிலத்தையும் வெறும் கல் என்று என்னால் பார்க்க முடியவில்லை. நான்கு நாள் எதற்கு என்று உங்கள் மனைவி மறுபடி கேட்டால் இந்தக் கல்வெட்டைச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இரண்டாம் நாள் அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுங்கள். குன்றின் விளிம்பில் பாறையில் வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் தமிழ்பிராமி எழுத்து. சமணத் துறவிகள் படுத்த இடம். அதற்கப்புறம் இறங்கி வந்து அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக்குள் நுழைந்து விதானத்தை, அதாவது உள்கூரையை, பாருங்கள். தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். காரில் வந்தபோதும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் காலையில் இரண்டு கண்மாய்க் கரையை மிதித்துத் தாண்டி, தாமரை இலைக்கு நடுவே எருமை தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அந்த விதானத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். சமணர்கள் அதைத் தங்கள் சமயக் குளமாகத்தான் வரைந்தார்கள். வரைந்தவன் கையில் இருந்தது இந்த ஊர்க் கண்மாய் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்றே குடுமியான்மலையும் பார்த்துவிடலாம். அங்கே பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டின் முன்னால் ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள், போதும்.

மூன்றாம் நாள் கொடும்பாளூர். பழைய உறையூர்–மதுரை வழி இது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு வழி சொல்லும் மறையோன், கொடும்பைக் குளக்கரையில் வழி சிவன் கைச் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று சொல்வது இந்த ஊரைத்தான். அவனும் ஒரு குளத்தை அடையாளமாக வைத்துத்தான் வழி சொல்கிறான். அங்கே மூவர் கோயிலில், கொடும்பாளூரை ஆண்ட தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தன் இரண்டு மனைவியர் பெயரில் இரண்டுமாக மூன்று விமானங்கள் எடுப்பித்தான். இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். எல்லோரும் நிற்கிற இரண்டையும் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அந்த மூன்றாவதன் ஓரம் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

நான்காம் நாள் திருமயம் கோட்டை. அதைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, ஊரே சொல்லும்.

சைக்கிள் விஷயம். புதிதாக வாங்க வேண்டாம். டயரை மட்டும் மாற்றுங்கள், ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமாக. அங்கே பிரச்சினை ஏற்றமல்ல, முள். கரையெல்லாம் சீமைக்கருவேலம். காளியாபட்டிக்குப் போகும் வழியில் ஒரே காலையில் எனக்கு இரண்டு தடவை பஞ்சரானது. இரண்டாவது தடவை ஒட்டிய பிறகு டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். முதல் முள்ளின் நுனி, அரிசிக் குருணை அளவு, உள்ளேயே ஒடிந்து நின்றிருந்தது. அதைப் பிடுங்காமல் டியூபை ஒட்டியதுதான் தப்பு. ஆகவே கூடுதலாக இரண்டு டியூப், ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஒரு சின்ன இடுக்கி. மூன்று லிட்டர் தண்ணீர். பெரிய சாலையில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடும், அதை விட்டு ஊர்ச் சாலையிலேயே போங்கள். தைலமரக் காட்டு வழியாகப் போகும்போது நிழல் இருக்கும் என்று நம்பி வெயில் நேரத்தை அதற்கு ஒதுக்காதீர்கள். அந்த மரம் நிழலும் தராது, கீழே புல்லையும் விடாது. அந்தக் காடுகளில் பறவைச் சத்தமே கேட்காமல் மிதித்த நேரங்கள் எனக்கு வருத்தமாகவே நினைவில் இருக்கின்றன.

பொங்கல் சமயம் நல்ல சமயம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போகிறீர்கள். போய்வந்து எழுதுங்கள். கோயில்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், வழியில் எத்தனை கண்மாய் நிறைந்திருந்தது, எந்தெந்தக் கலிங்கில் தண்ணீர் போனது என்று முதலில் எழுதுங்கள்.

அன்புடன்.