ஸ்பெயினின் சான்டியாகோ நகரத் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரையை மவுண்டன் பைக்கில் போனால் யாத்திரையாகக் கணக்கில் வருமா? பாதை எப்படி இருக்கும்?

தாராளமாக வரும். நடந்து போகிறவர்கள் கடைசி 100 கி.மீ. கடந்தால் சான்டியாகோவில் சான்றிதழ் தருகிறார்கள், சைக்கிளுக்கு அது 200 கி.மீ. அதனால்தான் நேரம் குறைவாக உள்ள சைக்கிள்காரர்கள் சான்டியாகோவுக்கு 200 கி.மீ.க்குச் சற்று முன்னால் உள்ள பொன்ஃபெராடா ஊரில் தொடங்குகிறார்கள். வழியில் தேவாலயங்களிலும் தங்குமிடங்களிலும் யாத்ரீகர் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளுக்குக் குறைந்தது இரண்டு முத்திரையாவது இருக்க வேண்டும்.

ஆனால் முடிந்தால் முழுப் பாதையும் போங்கள் என்றுதான் சொல்வேன். பிரான்சின் சென் ஜான் பியே த போர் ஊரில் தொடங்கி ஏறக்குறைய 780 கி.மீ. முதல் நாளே பிரனீஸ் மலை ஏற்றம், அப்புறம் ரியோகாவின் திராட்சைத் தோட்டங்கள், புர்கோஸ் தாண்டினால் நிழலே இல்லாத மெசெட்டா சமவெளி.

உண்மையான சவால் லெயோன் நகரத்துக்குப் பிறகு வருகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரும்புச் சிலுவை நிற்கிறது, யாத்ரீகர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் வைப்பார்கள். ஏறுவதை விட அங்கிருந்து மோலினசேகாவுக்கு இறங்குவதுதான் ஆபத்து! கூர்மையான பாறைகளும் உதிரிக் கற்களுமாக இருக்கும். வழியில் எல் அசெபோ கிராமத்தில், அங்கே உயிரிழந்த ஒரு சைக்கிள் யாத்ரீகருக்குச் சைக்கிள் வடிவிலேயே நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். பிரேக் கட்டைகளைச் சரிபார்க்காமல் அந்த இறக்கத்தில் இறங்காதீர்கள், மழை என்றால் பக்கத்துத் தார்ச்சாலையிலேயே போய்விடுங்கள்.

சைக்கிளில் மணி கட்டாயம் வேண்டும், பாதை முழுக்க நடப்பவர்கள் இருப்பார்கள். பொதுத் தங்குமிடங்களிலும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலிடம், படுக்கை மிஞ்சினால்தான் சைக்கிள்காரர்களுக்கு, ஆகவே கோடையில் தனியார் விடுதியை முன்பதிவு செய்துவிடுங்கள்.