பிரிசிஷன் பேஸ்: ஒரே பிக்கப், இரண்டே திருகு (கடிதம்)

வணக்கம் சார்,

பேஸ் கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை நண்பனுடைய கிடாரில்தான் வாசித்தேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன். பேஸைப் பற்றி நீங்கள் எங்கே எழுதினாலும் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸில்தான் வந்து நிற்கிறீர்கள். கடையில் விசாரித்தால், "அது பழைய மாடல் தம்பி. ஒரே பிக்கப், இரண்டே திருகு. ஐந்து கம்பி, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சர்க்யூட் என்று எவ்வளவோ வந்துவிட்டது" என்கிறார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

கடைக்காரர் சொன்ன விவரம் சரிதான். ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்), வால்யூமுக்கு ஒரு திருகு, டோனுக்கு ஒரு திருகு. எனக்கு அதைப் பிடிப்பதே அதனால்தான்.

ரேடியோ ரிப்பேரில் தொடங்கி கிடார் செய்ய வந்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1951இல் இதைக் கொண்டுவந்தார். 1957இல் வடிவத்தை மாற்றினார். இன்று கடையில் தொங்குவது ஏறக்குறைய அந்த 1957 வடிவம்தான்.

அதன் பிக்கப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தள்ளி வைத்த மாதிரி இருக்கும். ஈ, ஏ என்ற தடித்த கம்பிகளுக்கு ஒரு பாதி, டி, ஜி கம்பிகளுக்கு இன்னொரு பாதி. இரண்டு சுருள்களும் எதிரெதிராக அமைந்திருப்பதால், மின்சாரத்திலிருந்து வரும் 'ம்ம்ம்' இரைச்சல் தானாக அடங்கிவிடும். அது பதிந்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள். நெக் (இடது கை பிடிக்கும் கழுத்து) பக்கம் தள்ளி வைத்தால் ஒலி கொழகொழத்துவிடும். பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் போனால் மெலிந்து மூக்கால் பேசும். இது இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. டிரம்ஸுக்கும் கிடாருக்கும் இடையில் பாட்டில் ஒரு வெற்றிடம் உண்டே, அங்கே போய் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது.

அதை ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் கேட்க வேண்டும். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில் பேஸ் வாசிப்பாளர். நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர். அவருடைய புகழ்பெற்ற கிடார் 1962ஆம் வருடத்து பிரிசிஷன். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார், அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர். கம்பிகள் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வூண்ட். அதாவது மேலே தட்டையான உலோக நாடா சுற்றிய கம்பி, விரல் உரசினாலும் கிறீச்சென்று சத்தம் வராது. அறுந்தாலொழிய அவற்றை மாற்றமாட்டார். பிரிட்ஜை மூடும் குரோம் தகட்டுக்குள் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். அது கம்பியை அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்தின் வாலையும் நறுக்கிவிடும்.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' தொடங்கும்போது கேட்பது பேஸ் மட்டும்தான். ஸ்வரம் 'தும்' என்று விழுகிறது, உடனே விலகி இடம் விடுகிறது. பிறகு வந்த வருடங்களில் ஜேமர்சன் எவ்வளவோ சிக்கலாக வாசித்தார், தாளத்துக்கு முன்னும் பின்னும் போய் வந்தார். அத்தனை ஸ்வரங்களைப் போட்டும் பாடுகிறவரின் குரலை அவர் மிதிப்பதே இல்லை. அவருடைய மேதைமை முதல் காரணம். அந்தப் பழைய கம்பியும் ஸ்பாஞ்சும் அடுத்த காரணம். நீண்டு ஒலிக்கும் புதுக் கம்பியில் அதே வரிசையை வாசித்துப் பாருங்கள், ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்தவர்களின் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் ஜேமர்சனின் பெயர் அச்சானது. 1983இல் ஜேமர்சன் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அந்தக் கிடாரும் களவுபோனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதற்காக மென்மையான பாட்டுக்கு மட்டும்தான் பிரிசிஷன் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் இதுதான். கம்பியும் ஃப்ளாட்வூண்ட்தான்! இரண்டு விரல்களால் குதிரைப் பாய்ச்சலில் அடிப்பார், கம்பி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மோதிக் கடகடக்கும். இரண்டு பேரிடமும் ஒரே வகைக் கிடார். வித்தியாசமெல்லாம் கையில்தான். இரண்டு திருகு எனக்குப் போதும் என்பது இதனால்தான்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஈ கம்பிக்கும் கீழே இறங்கும் பாட்டுகளை வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ஐந்து கம்பி வாங்குங்கள், அதில் தப்பில்லை. பிரிசிஷனின் நெக் தலைப்பக்கத்தில் இப்போதைய பல மாடல்களில் 1.625 அங்குல அகலம் இருக்கும், பழைய வடிவத்தில் ஒன்றே முக்கால். கைக்கு அடங்கவில்லை என்றால் ஃபெண்டரின் ஜாஸ் பேஸைப் பாருங்கள், அது வழக்கமாக ஒன்றரை அங்குலம். விலை கட்டுப்படியாகாவிட்டால் அவர்களுடைய ஸ்க்வையர் வரிசையிலும் பிரிசிஷன் கிடைக்கிறது.

கடையில் தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனியாகக் கேட்டால் மற்ற கிடார்கள்தான் பளிச்சென்று இருக்கும். போனில் உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, டோன் திருகைப் பாதிக்கு இறக்கிவிட்டு, கூடவே வாசியுங்கள். அப்புறம் அதே பாட்டுக்குக் கடைக்காரர் சொல்லும் கிடாரையும் வாசித்துப் பாருங்கள். எதை வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.