சோயா வம்சாவளியில் புரதத்தைத் தேடுவது: வாசகர் கேள்விகள்

பெற்றோர் இரண்டிலும் புரதம் 40%. ஒரு வாரிசில் மட்டும் 44%. எந்த மூதாதை தந்தது?

முதலில் வயலைச் சந்தேகப்படுங்கள். காய் குறைவாகப் பிடித்த செடியின் விதையில் புரத சதவீதம் ஏறிவிடும். பெற்றோரையும் வாரிசையும் அருகருகே, இரண்டு மூன்று இடங்களில், இரண்டு பருவமாவது விதையுங்கள். ஈரம் கழித்த எடைக்குக் கணக்கிட்டும் வித்தியாசம் நின்றால் அது மரபுதான். அப்போதும் ஒரே மூதாதையைத் தேடாதீர்கள். தாயிடம் சில, தந்தையிடம் வேறு சில என்று இருந்த மரபணுக்கள் இங்கே சேர்ந்திருக்கலாம்.

பதிவேட்டில் இருக்கும் வம்சாவளி சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சோயா பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடும். அதனால் கையால் வேறு செடியின் மகரந்தம் இட்டுக் கலப்புச் செய்ததாக எழுதிவைத்த விதை, உண்மையில் தாயின் சொந்த விதையாகவே இருந்துவிடலாம். சதவீதம் இதைக் காட்டிக்கொடுக்காது. தனிப் புரதம் காட்டிக்கொடுக்கும். ட்ரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் சோயா விதைப் புரதமான குனிட்ஸ் ட்ரிப்சின் தடுப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரபணு, ஆனால் ஏ, பி, சி என்று வடிவங்கள். விதைப் புரதத்தை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பட்டையாக நிற்கும். தாய் ஏ, தந்தை பி என்றால் கலப்பு விதையில் இரண்டு பட்டையும் தெரிய வேண்டும். ஏ மட்டும் தெரிந்தால் கலப்பு பிடிக்கவில்லை. இந்தப் புரதமே இல்லாத ரகங்களும் உண்டு. அமெரிக்க விதைச் சேகரிப்பின் பிஐ 157440 அப்படிப்பட்டது.

கொள்ளுத் தாத்தா ரகம் என்றால் அதன் பங்கு 12.5% தானே?

அது சராசரி. குறிப்பிட்ட ஓர் இடத்தில் அதன் மரபணு வந்திருக்கும், அல்லது வந்திருக்காது. எட்டில் ஒரு பங்காக வராது. அதிலும் வளர்ப்பாளர் தலைமுறைதோறும் விளைச்சலைப் பார்த்தே பொறுக்குவதால் கணக்கு மேலும் விலகும்.

காட்டு சோயாவின் புரதத்தைக் கொண்டுவந்தால் ஏன் எண்ணெய் இறங்குகிறது?

புரதத்தையும் எண்ணெயையும் சேர்த்தே மாற்றும் ஓர் இடம் 20ஆம் குரோமோசோமில் இருப்பதை 1992இல் கண்டார்கள். காரணமான மரபணு 2022இல்தான் தெளிவானது. பயிர் சோயாவில் பெரும்பாலும் அந்த மரபணுவுக்குள் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு புகுந்திருக்கிறது. அதனால் விதை பெருத்தது, எண்ணெய் கூடியது, புரதம் குறைந்தது. துண்டு இல்லாத காட்டு வடிவம் திரும்பி வந்தால் மூன்றுமே தலைகீழாகும்.

ஒரே ஒரு விதைதான் இருக்கிறது. சோதித்தால் வீணாகிவிடுமே?

ஆகாது. முளைக்கருவுக்கு எதிர்ப்பக்கத்தில் பருப்பைச் சிறிது செதுக்கிச் சோதனைக்கு எடுங்கள், மீதியை விதையுங்கள். அப்புறம் ஒன்று, பருப்பு, தாய்ச்செடிக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. ஒரே செடியில் பறித்த விதைகளில் வெவ்வேறு பட்டைகள் வந்தால் பயப்பட வேண்டாம். தாய்ச்செடி கலப்பு என்றால் அப்படித்தான் வரும்.