பசுவை எறியும் பிள்ளை

கேள்வி: எனது மகனுக்கு 9 மாதம். நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான்களான யானை, சிங்கம், பசு, றப்பர் வாத்து எல்லாவற்றையும் வாயில் வைத்துக் கடிக்கிறான். பசுவைக் கதிரையிலிருந்து எறிந்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறான். பிள்ளை முரடனாக வருவான் என்று அம்மம்மா கவலைப்படுகிறார். இது இயல்பானதா?
- கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

பதில்: இந்த வயதில் செய்யவேண்டியதைத்தான் தங்கள் மகன் மிகுந்த சிரத்தையுடன் செய்துவருகிறான். வழவழப்பையும் கடினத்தையும் அறிய உதடும் நாக்கும் பெரிதும் உதவுவதால், யானை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்பும் குழந்தை அதன் காலை வாய்க்குள் வைத்துப் பார்க்கிறது; பல் முளைக்கும் காலமாகையால், முதற்பல் வந்ததைக் கொண்டாடிப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய வீட்டில் சிங்கத்தின் வாலும் தப்புவதில்லை. சென்ற வாரம் ஒரு குழந்தை எனது ஸ்டெதஸ்கோப்பின் குழாயைச் சப்பிப் பார்த்த பின்னரே தனது நெஞ்சைப் பரிசோதிக்க அனுமதித்தது.

கைவிட்டால் பசு கீழே போகும், 'டொக்' என்று சத்தம் வரும், கண்ணுக்கு மறைந்தாலும் அது எங்கோ இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மம்மா குனிந்து எடுத்துத் தருவார் என்பவற்றை அவன் ஒவ்வொரு எறியிலும் சரிபார்த்துக்கொள்கிறான். அவனது குணத்தைவிட அம்மம்மாவின் முழங்காலைப் பற்றியே எனக்குச் சற்றுக் கவலை. பாயை விரித்து நிலத்தில் இருத்தி விளையாடவிடுங்கள்.

கவனிக்கவேண்டியது அந்த மிருகங்களைத்தான். ஒட்டிய கண், மூக்கு, வால் ஆகியவற்றை நன்றாக இழுத்துப் பாருங்கள். கழிப்பறைக் கடதாசி முடிந்தபின் எஞ்சும் மட்டைக் குழாயினுள் முழுதாக நுழையும் எந்தப் பொருளும் 3 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. அமத்தினால் கீச்சிடும் வாத்தின் வயிற்றினுள் குளிப்பாட்டும் நீர் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் துளையில்லாத வாத்தே நல்லது. மற்றவற்றைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவிட்டாற் போதும்.

கர்ச்சிக்கும் சிங்கமானால், அதன் பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டுள்ளதா என்று இன்றே பாருங்கள். விழுங்கப்பட்ட பொத்தான் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தியெடுக்கச் செய்யாமலும் மலத்தோடு வரும் என்று காத்திராமலும், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பொருளைக் கைநீட்டி எடுக்காத, ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றாத, சத்தம் வந்த பக்கம் திரும்பாத பிள்ளையென்றால், 9 மாதத் தடுப்பூசிக்குச் செல்லும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லவேண்டும். தங்கள் மகனோ சத்தம் கேட்பதற்காகவே பசுவை எறிகிறவன்.